பத்தாவதுக்குப் பிறகு எங்கே: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கணக்கு

மே மாதம் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்துவிட்டால் சித்தூர் தாலுகாவின் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான். சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரத்துக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, ஒழலப்பதி, வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது? பிளஸ் டூவா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா? இந்தப் பக்கமா, எல்லை தாண்டிக் கோவைப் பக்கமா? தமிழ் மீடியத்தில் கணக்கு நடத்துகிறவன் என்பதால் வருடாவருடம் இந்தக் கேள்வி என்னிடமும் வரும்.

நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். வீட்டில் யாராவது படுத்துவிட்டால், படிப்பு பாதியில் நின்றுபோனால், பிள்ளை கையில் என்ன மிஞ்சும்? முடித்த பிறகு மேலே படிக்க நினைத்தால் கதவு திறந்திருக்கிறதா? வேலை கிடைக்குமா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு உறுதி தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் ஏதோ ஒரு கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலாவதாக மரியாதை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பெற்றோர் முதலில் சேர்ப்பதே அதைத்தான். அதனால் அதை முதலில் பேசிவிடலாம்.

நிழல் வேலை

கேரளத்துக் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பகுதி எங்கள் தாலுகாத் தென்னந்தோப்புகளில் இறங்குவது. காலையும் மாலையும் மரம் ஏறுகிற ஒருவர் தன் பையனின் மார்க் ஷீட்டோடு வந்தார். ஏழு ஏ பிளஸ். "ஏனுங்க சார், நான் ஏறுனது போதும். அவன் நிழல்ல உட்கார்ந்து சம்பாதிக்கட்டும். அதுக்கு எது படிச்சா ஆகும், அதை மட்டும் சொல்லுங்க." ஐ.டி.ஐ. என்ற சொல்லை நான் எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "அதுவும் வெயில் வேலைதானுங்களே?"

பணக்கணக்கில் பார்த்தால் அவர் சொன்னது நிற்காது. ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டில் 2022-23ஆம் ஆண்டுக்கு, கேரளக் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் தினக்கூலி சராசரி 852 ரூபாய்; அகில இந்தியச் சராசரி 393. மாதம் 22 நாள் வேலை என்று வைத்தாலே 18,700 ரூபாய்க்கு மேல் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து பி.காம். முடித்துக் கோவையில் கணக்கு எழுதப் போகும் பையன்கள் முதல் இரண்டு வருடம் இந்தத் தொகையைப் பார்ப்பதே அபூர்வம். கள் இறக்குபவர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி நல நிதியே இருக்கிறது. சம்பளம், பென்ஷன் எல்லாம் சரி. பெண் கேட்டுப் போனால்தான் கதை மாறும். மாப்பிள்ளை என்ன பண்றார் என்ற கேள்விக்கு "கோவையில் ஆபீஸ்" என்று சொன்னால் சம்பளம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி வராது. "மரம்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இந்த மனக்கணக்கு நேற்று வந்ததில்லை. பாலக்காட்டில் ஏடு படித்தவர்களுக்குத் தனித் தெரு, ஏர் பிடித்தவர்களுக்குத் தனி எல்லை என்று இருந்தது. 1924 தேர்த்திருவிழாவில் கல்பாத்தி அக்ரகாரத் தெருவில் நடக்கப் போன, கள் இறக்கும் தொழிலோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட ஈழவச் சாதியினரை அடித்து விரட்டினார்கள். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். மறுவருடம் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார்கள். அப்போது பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தது. எங்கள் சித்தூர் திருவிதாங்கூர்-கொச்சியில். திட்டத்தின் பெயர் பலருக்கு மறந்திருக்கலாம். தொழிலாளி வீட்டில் போய் "பையன் கைத்தொழில் கற்கட்டும்" என்றால், கேட்பவர் காதில் இன்றும் அந்தப் பழைய குரல்தான் விழுகிறது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் ஆசிரியர்களாகிய நாங்களே பங்கு பிரித்துத்தான் வைக்கிறோம். டாக்டர் மகனுக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங், கடைசி பெஞ்சில் இருக்கும் கூலிக்காரர் மகனுக்கு "நீ ஐ.டி.ஐ. போடு." மார்க் நன்றாக வாங்கிய பையனிடம் ஐ.டி.ஐ. பற்றி நாங்கள் வாயே திறப்பதில்லை.

2015-ல் பாலக்காடு ஐ.ஐ.டி. தொடங்கியபோது முதலில் தற்காலிகமாக இயங்கியது எங்கள் கோழிப்பாறைப் பக்கம்தான். பிறகுதான் கஞ்சிக்கோட்டில் சொந்த வளாகம். எங்கள் ஊர்களிலிருந்து அந்த வாசலுக்குள் போனவர்களில் நான் அறிந்தவர்கள் எல்லாம் கட்டட வேலைக்கும் சமையல் வேலைக்கும் போனவர்கள்.

ஒரே டிப்ளமோவுக்கு மூன்று பாதை

சரி, இப்போது படிப்புக்கு வருவோம். பெற்றோர் பிளஸ் டூ, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மூன்றையும் உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். உண்மையில் மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை.

பத்தாவது முடித்து நேரே பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் மூன்று வருடத்தில் டிப்ளமோ. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிரேடு (தொழிற்பிரிவு) முடித்தவர், லேட்டரல் என்ட்ரி வழியாகப் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆக மொத்தம் நாலு வருடம். பிளஸ் டூவில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எடுத்துப் படித்தவருக்கும் அதே இரண்டாம் ஆண்டு சீட். அதுவும் நாலு வருடம். டிப்ளமோ கையில் வந்தபின், டிப்ளமோக்காரர்களுக்கான நுழைவுத் தேர்வான லெட் எழுதி பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது, ஐ.டி.ஐ. போனவன் இன்ஜினியர் ஆக முடியாது என்று ஊரில் சொல்வது பொய். நேர்வழியில் போனவனை விட ஒரு வருடம் பிந்தி வருவான், அவ்வளவுதான்.

வித்தியாசம் தெரிவது நடுவழியில் நின்றால்தான். பிளஸ் டூ முடித்து நின்றவன் கையில் ஒரு மார்க் ஷீட் இருக்கும். எதற்காவது விண்ணப்பிக்கத் தகுதி தரும், தொழில் தராது. டிப்ளமோவை மூன்றாம் செமஸ்டரில் விட்டவன் கையில் அரியரும் கடனும்தான். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்து நின்றவன் வயரிங் வேலைக்குப் போய் மறுமாதமே வீட்டுக்குப் பணம் கொடுக்க முடியும். ஒரே ஆள் சம்பாத்தியத்தில் ஓடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

அப்ரண்டிஸ் உதவித்தொகையையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளில் வைத்த குறைந்தபட்சத் தொகை, ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 ரூபாய். ஊர் வாய் அவர்களுக்கு நடுவே வைக்கும் தூரம் எவ்வளவு, அரசு விதி வைத்த தூரம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலவக்கோடு எங்களுக்குப் பக்கம். ரயில்வேயின் பாலக்காடு கோட்டத் தலைமையகம் அங்கேதான். அசிஸ்டென்ட் லோகோ பைலட் வேலைக்குப் பத்தாவதோடு குறிப்பிட்ட டிரேடில் ஐ.டி.ஐ. வேண்டும், அல்லது அதற்குரிய பிரிவில் டிப்ளமோ, இன்ஜினியரிங். ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படைச் சம்பளம் 19,900, படிகள் தனி. பி.ஏ., பி.காம். மட்டும் வைத்திருப்பவர் இதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி. இதைச் சொன்னால் பாதிப் பெற்றோர் நம்புவதில்லை. ரயில் ஓட்டுவது பெரிய படிப்பு படித்தவர்கள் வேலை என்று நினைக்கிறார்கள்.

ஃபிட்டர் டிரேடில் முதல் சில மாதம் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். டிரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) அதன்மேல் நிறுத்தி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். இடுக்கில் எங்காவது ஒளி கசிந்தால் அந்த இடம் பள்ளம், மற்ற பக்கம் இன்னும் மேடு என்று அர்த்தம், மறுபடி தேய். பிறகு வெர்னியர் காலிப்பர். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வரை படிக்க வேண்டும். என் வகுப்பில் தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்த ஒரு பையன், மலம்புழா ஐ.டி.ஐ.யில் சேர்ந்த ஆறாவது மாதம் என்னிடமே வெர்னியர் அளவு படிக்கும் விதத்தை விளக்கினான். நான் மூன்று வருடம் சொல்லியும் ஏறாதது இரும்பு வழியாக ஏறியிருக்கிறது. தலையால் வேலை செய்கிறவர், கையால் வேலை செய்கிறவர் என்ற பிரிவினையை வகுத்தவர்கள் அரம் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் ஐ.டி.ஐ.யின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். வெல்டர், கோபா (கம்ப்யூட்டர் ஆபரேட்டர்) மாதிரி ஒரு வருட டிரேடு எடுத்தால் மேலே சொன்ன லேட்டரல் கதவு திறக்காது. சேர்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். தனியார் ஐ.டி.ஐ.களில் சில, மெஷின் துருப்பிடித்துக் கிடக்க, சான்றிதழை மட்டும் கொடுக்கின்றன. மத்திய அரசின் அங்கீகாரம் (ஊரில் என்.சி.வி.டி. என்பார்கள்) அந்த டிரேடுக்கே இருக்கிறதா என்று பார்த்து, பணிமனைக்குள் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். சின்ன வொர்க் ஷாப்புகளில் பாதுகாப்பு என்பது பெயருக்குத்தான். விரல் போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. முப்பது வயதுக்கு மேல் உடம்பு கேட்கும் கேள்வி வேறு. அதனால் ஐ.டி.ஐ.யோடு நின்றுவிடு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

பிளஸ் டூ யாருக்கு

பெரும்பாலானவர்கள் போவது இங்கேதான். யோசித்துப் போவது குறைவு. ஏகஜாலகம் என்ற ஒற்றைச் சாளரச் சேர்க்கை வழியாக விண்ணப்பித்து, கிடைத்த பள்ளியில், கிடைத்த குரூப்பில் சேர்கிறார்கள். பத்து வருடம் தமிழில் கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளைக்கு ஜூன் மாதம் திடீரென்று புத்தகம் ஆங்கிலத்தில், டீச்சர் விளக்குவது மலையாளத்தில். முதல் அரையாண்டு முழுக்க மொழியோடு மல்லுக்கட்டவே சரியாகிவிடும். நன்றாகப் படித்த பிள்ளைகளே சயின்ஸ் குரூப்பில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் மொழி என்று புரியாமல், தங்களுக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதுதான் பெரிய நஷ்டம்.

அதற்காகப் பிளஸ் டூ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டீச்சர் வேலை, நர்சிங், சட்டம், அறிவியல் ஆராய்ச்சி என்று தெளிவாக எதையாவது பார்த்து வைத்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் வழி. எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு நல்ல பாதை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பிளஸ் டூ, பிறகு டி.எல்.எட். என்ற ஆசிரியர் பயிற்சி, கே-டெட் என்ற தகுதித் தேர்வு; அதோடு அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பி.எஸ்.சி.யின் தேர்வு எழுதினால் தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகலாம். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியராக வேண்டுமென்றால் தமிழில் பட்டம், பி.எட்., கே-டெட். 1947-ல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியிலேயே தமிழ் படிக்கலாம். பஸ் கன்செஷனில் போய்வரலாம், கண்டக்டரின் முணுமுணுப்பை மட்டும் தாங்கிக்கொண்டால் போதும். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று தனியாக கிளார்க் பணியிடங்களையும் கேரள பி.எஸ்.சி. அறிவிப்பதுண்டு. போட்டி குறைவு, ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

குறி எதுவும் இல்லாமல், "எல்லாரும் போறாங்க" என்று போகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 2023-24-ல் 15 முதல் 29 வயதுக்குள் வேலையின்மை மிக அதிகமாக இருந்த மாநிலம் கேரளம்: 29.9 சதவீதம். வேலையில் இருப்பவர்களும் தேடுகிறவர்களுமாகப் பத்து இளைஞர்களை எடுத்தால் மூன்று பேருக்கு வேலை இல்லை. இதே மாநிலத்தில்தான் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயில் பிடித்து ஆள் வருகிறது. படித்தவன் வேலை கேட்கிறான், வேலை ஆள் கேட்கிறது. இரண்டும் சந்திக்க மாட்டேன் என்கின்றன.

வி.எச்.எஸ்.இ. என்று ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவும் கொஞ்சம் தொழிலும் கலந்தது. பக்கத்தில் இருந்து, பிரிவும் பிடித்திருந்தால் சேரலாம். அதைத் தேடி இரண்டு பஸ் மாற வேண்டாம்.

எல்லை தாண்டினால்

தமிழ்தானே, கோவைக்கே அனுப்பிவிடலாமே என்று பலர் கேட்பார்கள். வேலைக்கு என்றால் தாராளமாக. மோட்டார், பம்ப் செட், ஃபவுண்டரி என்று டர்னருக்கும் ஃபிட்டருக்கும் கோவையில் எப்போதும் ஆள் தேவை. படிப்புக்கு என்றால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு கேட்க முடியாது. இன்ஜினியரிங்கில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். பதினொன்றாவதுக்கு மட்டும் பொள்ளாச்சி போகிற பிள்ளைக்கு இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அப்படியே, தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. இங்கே தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகையையும் கையில் இருக்கும் ஒதுக்கீட்டையும் விட்டுவிட்டு அங்கே போய் முழு ஃபீஸ் கட்டுவதில் எனக்குப் புத்திசாலித்தனம் தெரியவில்லை. இங்கே படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போ என்பதுதான் நான் பொதுவாகச் சொல்வது. வேலந்தாவளத்தில் பஸ் ஏறினால் கோவை, வாளையார் வழியாகப் போனால் ரயிலும் உண்டு. தினமும் போய்வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

பிளஸ் டூ முடித்துக் கடன் வாங்கிக் கோவைத் தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்வதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 4 லட்சம் ரூபாய் வரை வங்கி ஈடு கேட்கக் கூடாது என்பது வசதிதான். கொடுப்பது எளிது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. டிப்ளமோ முடித்து, ஓரிரு வருடம் வேலை பார்த்து, லெட் எழுதிப் போனால் ஒரு வருட ஃபீஸாவது மிச்சம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஊரின் கணக்கு இன்னும் கோணல். அதே கணக்கெடுப்பில் கேரளத்து இளம்பெண்களின் வேலையின்மை 47.1 சதவீதம். எலக்ட்ரீஷியன், டிராஃப்ட்ஸ்மன் சிவில் போன்ற டிரேடுகளில் பெண்கள் சேர்கிறார்கள். 2024-ல் கேரள அரசு ஐ.டி.ஐ. மாணவிகளுக்கு மாதம் இரண்டு நாள் மாதவிடாய் விடுப்பும் அறிவித்தது. ஆனாலும் எங்கள் பக்கம் பெண்ணை ஐ.டி.ஐ.க்கு அனுப்பச் சொன்னால் அம்மாக்கள்தான் முதலில் மறுக்கிறார்கள். டிராஃப்ட்ஸ்மன் சிவிலை "பிளான் வரையுற படிப்பு, கம்ப்யூட்டர்லதான்" என்று சொன்னால் சம்மதிக்கிறார்கள். சேர்ந்தால் சரி என்று நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

ஆக, என் வரிசை இது. கிரேடு நன்றாக இருந்து, மூன்று வருடம் வீடு தாங்கும் என்றால் பாலக்காடு அரசுப் பாலிடெக்னிக்; நேர்வழி, செலவும் குறைவு. அங்கே சீட் கிடைக்காவிட்டால் அல்லது வீட்டு நிலைமை ஆட்டம் கண்டிருந்தால், தனியாரிடம் ஓடாமல் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிரேடு, பிறகு லேட்டரல். படிப்பில் குறி வைத்திருக்கும் பிள்ளைக்குப் பிளஸ் டூ. இன்னும் எதையும் முடிவு செய்யாத பிள்ளைக்கு, மார்க் இருந்தால், பிளஸ் டூவில் கணக்கோடு சேர்ந்த சயின்ஸ் குரூப். மற்ற குரூப்புகள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்கான லேட்டரல் கதவைச் சாத்திவிடும். மரம் ஏறுகிறவரின் பையன் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். முதல் அலாட்மென்ட்டில் பாலிடெக்னிக் எலக்ட்ரிக்கல் வந்தால் அதுவே போதும் என்று அப்பாவும் இறங்கி வந்திருக்கிறார்.

ஐ.டி.ஐ. வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் ஆண்டில் நேரடியாக நுழையும் பையன்கள் பணிமனையில் மற்றவர்களுக்கே சொல்லிக்கொடுப்பார்கள், அடிபடுவது கணக்கில்தான். முதலாண்டில் மற்றவர்கள் படித்துவிட்ட, பத்தாவதுக்கு மேற்பட்ட திரிகோணமிதியும் நுண்கணிதமும் இவர்களுக்குப் புதிது. ஐ.டி.ஐ.யில் இருக்கும் அந்த இரண்டு வருடமும் வாரத்துக்கு ஒரு மாலை கணக்குப் புத்தகத்தைத் திறந்து வையுங்கள். பாலிடெக்னிக் முதலாண்டுப் புத்தகம் சீனியர்களிடம் பழையதாகவே கிடைக்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது.